சல்பைட்டா, சல்பேட்டா? எஃப்பி4 பிளஸ் ஃபிலிமை வீட்டில் கழுவியபோது சிக்கிய இடங்கள்

டி-76 டெவலப்பரை, அதாவது கறுப்பு-வெள்ளை ஃபிலிமில் படத்தை வெளிக்கொண்டுவரும் கரைசலை, மூலப்பொருள் வாங்கி வீட்டிலேயே கலக்கப் போகிறவர்களுக்கு முதல் எச்சரிக்கை: சோடியம் சல்பைட் பொட்டலம் கைக்கு வந்ததும், காசு கொடுக்கும் முன் லேபிளைப் படியுங்கள். வேதிக் குறியீட்டின் கடைசி எண் 3 என்று இருக்க வேண்டும். 4 என்று இருந்தால் அது சல்பேட். அந்த ஒரு எண்ணைப் பார்க்காததால் எனக்கு மூன்று நடை, ஒரு லிட்டர் டெவலப்பர், தேவையே இல்லாமல் வாங்கிய ஒரு மெட்டால் (டெவலப்பரின் இன்னொரு மூலப்பொருள்) பாட்டில் எல்லாம் வீணாயின.

ஃபிலிம் தேர்வில் பெரிய குழப்பம் இல்லை. நம்மூர் வெயிலில் 400 வேக (வெளிச்சத்தை உணரும் திறன்) ஃபிலிம் போட்டால், அதிகபட்ச ஷட்டர் வேகம் 1/500 உள்ள பழைய கேமராவில் எஃப்/16 என்ற சின்ன லென்ஸ் துளையை விட்டு நகர முடியாது. 125 வேக ஃபிலிமில் அதே 1/500-க்கு எஃப்/8 கிடைக்கிறது. பின்னணியைக் கொஞ்சம் மங்கலாக்க வழி பிறக்கிறது. டெல்டா 100, டிமேக்ஸ் 100 என்ற ஃபிலிம்கள் இரண்டிலும் கிரெயின் (படத்தில் மணல் போலத் தெரியும் துகள்) இன்னும் நைஸ்தான். ஆனால் டெவலப் நேரமோ வெப்பநிலையோ கொஞ்சம் பிசகினாலும் அவற்றின் ஹைலைட் (படத்தின் வெளிச்சமான பகுதி) உடனே எகிறும். வெப்பநிலையைப் பிடித்து வைப்பதே பெரும்பாடாக இருக்கும் சென்னையில் அந்த வம்பு வேண்டாம் என்றுதான் இல்ஃபோர்டு எஃப்பி4 பிளஸ். ஃபோமாபேன் 100 விலை குறைவு, நல்ல ஃபிலிமும்கூட. ஆனால் அதை 100-க்கு வைக்காமல் 64 அல்லது 80-க்கு வைத்து எடுத்தால்தான் நிழலில் விவரம் நிற்கும். கோயில் மண்டபத்துக்குள் ஸ்டாண்டு போட்டு எடுப்பவர்களுக்கு அது சரிப்படாது: மீட்டர் 10 நொடி காட்டினால் ஃபோமாபேனுக்கு 80 நொடி கொடுக்க வேண்டும். எஃப்பி4 பிளஸுக்கு 18 நொடி போதும்.

ரோல் வாங்கும்போது காலாவதித் தேதியோடு, கடையில் அது எங்கே இருந்தது என்பதையும் பாருங்கள். கண்ணாடி ஷோகேஸில் வெயில் படும்படி அடுக்கியிருந்தால் தேதி மிச்சமிருந்தும் பயனில்லை; நெகட்டிவின் அடித்தளமே சாம்பல் பூத்து வரும். ஃபிரிட்ஜில் வைத்த ரோலை டப்பாவைத் திறக்காமல் இரண்டு மூன்று மணி நேரம் வெளியில் வைத்த பிறகே கேமராவில் போடுங்கள். இல்லையென்றால் ஃபிலிம் மேலேயே வியர்த்துவிடும்.

இனி சல்பைட் கதை. ரெடிமேட் டெவலப்பர் பொட்டலம் பல வாரமாக ஸ்டாக் இல்லை. டி-76, 1920-களில் சினிமா ஃபிலிமுக்காக கோடாக் உருவாக்கிய கலவை. இல்ஃபோர்டின் ஐடி-11-ம் அதற்கு இணையானதுதான். ஒரு லிட்டருக்கு அளவு இது: மெட்டால் 2 கிராம், நீரற்ற சோடியம் சல்பைட் 100 கிராம், ஹைட்ரோகுவினோன் 5 கிராம், வெங்காரம் (போராக்ஸ்) 2 கிராம். நான்கே பொருள், வாங்கிவிடலாம் என்று பாரிமுனைப் பக்கம் போனால், முதல் கடையில் கவுண்டரில் இருந்தவர் கம்பெனி லெட்டர்ஹெட்டும் ஜிஎஸ்டி எண்ணும் கேட்டார். "தனி ஆளுக்குக் கொடுக்கிறதில்ல சார்" என்றதோடு சரி, எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை. இரண்டாவது கடையில் கொடுத்தார்கள். சல்பைட் என்று தெளிவாகச் சொல்லியும், பில்லிலும் பொட்டலத்திலும் சல்பேட்.

அன்று இரவே கலந்து, விதிப்படி ஓர் இரவு ஆறவிட்டேன். காலையில் பாட்டிலில் இருந்தது தெளிந்த நீர் இல்லை, கடுந்தேநீர். மெட்டால் பழசு போலிருக்கிறது என்று நினைத்து இன்னொரு நடை போய்ப் புது மெட்டால் வாங்கிக் கலந்தும் அதே நிறம். சல்பைட்டின் வேலையே டெவலப்பரைக் காற்றில் கெடாமல் காப்பதுதான், கூடவே கிரெயினையும் கொஞ்சம் மென்மையாக்கும். சல்பேட் இந்த இரண்டையும் செய்யாது. கரைசலில் சும்மா கிடக்கும். மெட்டாலும் ஹைட்ரோகுவினோனும் காற்றுபட்டுப் பழுத்துப்போகும். இதில் ஒரு பொறி உண்டு. ஃபிலிமின் நுனியை வெட்டி டெவலப்பரில் போட்டுக் கறுக்கிறதா என்று பார்ப்பது வழக்கம் இல்லையா? சல்பேட் போட்டுக் கலந்த கையோடு பார்த்தால் அதுவும் கறுத்துத்தான் காட்டும். எனவே அந்தச் சோதனையை மட்டும் நம்பி ரோலை இறக்கிவிடாதீர்கள்.

நம்பகமான சோதனை வீட்டிலேயே இருக்கிறது. அரை டம்ளர் தண்ணீரில் ஒரு சிட்டிகை பொடியைக் கரைத்து, காயத்துக்குப் போடும் போவிடோன் அயோடின் மருந்தில் இரண்டு சொட்டு விடுங்கள். சல்பைட் என்றால் பழுப்பு நிறம் கண்ணெதிரே மறையும். சல்பேட் என்றால் அப்படியே நிற்கும். நல்ல சல்பைட்கூடக் காற்றுபடத் திறந்து கிடந்தால் மெல்ல சல்பேட்டாக மாறும் என்பதால், பழைய பாட்டிலுக்கும் இந்தச் சோதனை அவசியம்.

மூன்றாவது நடையில் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனேன்: சோடியம் சல்பைட், நீரற்றது, சிஏஎஸ் எண் (ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் உள்ள தனி அடையாள எண்) 7757-83-7, மூலக்கூறு எடை 126.04. சல்பேட்டின் எண் 7757-82-6, எடை 142.04. கல்லூரி லேபுகளுக்கு சப்ளை செய்யும் ஒரு சின்னக் கடையில் அந்தத் தாளைப் பார்த்ததும் ஒரு கேள்வியும் கேட்காமல் அரைக் கிலோ பாட்டிலை எடுத்துக் கொடுத்தார்கள். வாயால் சொல்வதை விட எண்ணை நீட்டுவது மேல். படிக வடிவ சல்பைட்தான் கிடைக்கிறது என்றாலும் வாங்கலாம், ஆனால் அதன் எடையில் பாதி தண்ணீர். 100 கிராமுக்குப் பதில் 200 கிராம் போட வேண்டும்.

வெங்காரம் நாட்டு மருந்துக் கடையிலேயே கிடைக்கும். கேட்கும்போது "பச்சை வெங்காரம், பொரிக்காதது" என்று சொல்லுங்கள். மருந்துக்காகப் பொரித்து வைத்த வெங்காரத்தில் நீர் போயிருக்கும். அதில் 2 கிராம் போட்டால் காரம் கூடிவிடும். எடை போட 0.1 கிராமாவது காட்டும் சின்ன நகைத் தராசு வேண்டும். சமையலறைத் தராசில் 2 கிராம் என்பது ஒன்றாகவும் இருக்கலாம், மூன்றாகவும் இருக்கலாம்.

கலக்கும் வரிசையில் கை வைக்காதீர்கள். 50 டிகிரி சூட்டில் 750 மி.லி. தண்ணீர். முதலில் ஒரே ஒரு சிட்டிகை சல்பைட், பிறகு மெட்டால். மெட்டால் முழுக்கக் கரைந்த பிறகு மீதி சல்பைட். அதன் பின் ஹைட்ரோகுவினோன், கடைசியில் வெங்காரம். சல்பைட்டை மொத்தமாக முதலிலேயே கொட்டினால் மெட்டால் கரைய மறுத்து வெள்ளைத் துகளாக மிதக்கும். கையுறை கட்டாயம். மெட்டால் சிலருக்குத் தோலில் அரிப்பும் வெடிப்பும் கொண்டுவரும், ஒருமுறை வந்தால் பிறகு தொடும்போதெல்லாம் வரும்.

டெவலப் ஆன படத்தை நிலைநிறுத்தும் ஃபிக்ஸருக்கு ஹைப்போ (சோடியம் தயோசல்பேட்) 250 கிராம், சல்பைட் 20 கிராம், ஒரு லிட்டர். ஹைப்போ கரையும்போது வெப்பத்தை உறிஞ்சும். கொஞ்ச நேரத்தில் ஜாடியின் வெளிப்புறம் வியர்த்து, தொட்டால் ஐஸ் தண்ணீர் போலிருக்கும். வெதுவெதுப்பான நீரில் கரைத்து, பிறகு அளவான வெப்பநிலைக்குக் கொண்டுவாருங்கள்.

அடுத்த அடி தெர்மாமீட்டரில் விழுந்தது. எஃப்பி4 பிளஸுக்கு டி-76-ஐ ஒன்றுக்கு ஒன்று தண்ணீர் கலந்தால் 20 டிகிரியில் 11 நிமிடம். மாடித் தொட்டித் தண்ணீர் 34-ல் இருக்கும் ஊரில் 20-க்கு இறக்குவது வீண் போராட்டம். 24 டிகிரியில் 8 நிமிடம் என்பதே நடைமுறைக்கு ஒத்துவரும். தண்ணீர் கலக்காமல் நேரடியாகப் போட்டால் 24-ல் நேரம் 6 நிமிடமாகச் சுருங்கிவிடும். 5 நிமிடத்தை நெருங்கும் எந்த டெவலப்பிலும் வானம் திட்டுத்திட்டாக வரும் ஆபத்து உண்டு. ஆகவே ஒன்றுக்கு ஒன்று: 150 மி.லி. டெவலப்பர், 150 மி.லி. தண்ணீர், 35 மி.மீ. ரோல் ஒன்றுக்கு.

டயல் தெர்மாமீட்டர் 24 காட்டியதை நம்பி 8 நிமிடம் கொடுத்த முதல் ரோலில், வெயிலில் நின்றவர்களின் வேட்டி மடிப்பே இல்லாத வெள்ளைத் தகடாக வந்தது. நெகட்டிவில் அந்த இடம் அட்டைக்கரி. காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டரை வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்து ஒப்பிட்டபோதுதான் குட்டு வெளிப்பட்டது: அது 37 காட்டும்போது டயல் 34 காட்டியது. அதாவது டெவலப் நடந்தது 27 டிகிரியில். அதற்கு 6 நிமிடத்துக்குச் சற்று மேல் போதும், கொடுத்ததோ 8. தெர்மாமீட்டர் வாங்கிய அன்றே இந்த ஒப்பீட்டைச் செய்துவிடுங்கள், ஐந்து நிமிட வேலை.

இது டெவலப் தவறா, எக்ஸ்போஷர் தவறா என்று ஃபிலிமின் ஓரமே சொல்லும். அங்கே தொழிற்சாலையிலேயே பதித்த எழுத்தும் எண்ணும் உங்கள் கேமராவைச் சாராதவை. அவை கறுத்துத் தெளிவாக இருந்து படம் மட்டும் வெளிறியிருந்தால் வெளிச்சம் போதவில்லை. எழுத்தும் சேர்ந்து வெளிறியிருந்தால் டெவலப் போதவில்லை.

டெவலப் டாங்கிக்குள் போகும் ஸ்பைரல் ரீலில் ஃபிலிம் ஏற்றும்போது பிளாஸ்டிக் ரீல் எலும்பு மாதிரி காய்ந்திருக்க வேண்டும். இரண்டாவது ரோலை அவசரத்தில், கழுவித் துடைத்த அதே ரீலில் ஏற்றப் போய்ப் பாதியில் சிக்கிக்கொண்டது. வெளிச்சம் புகாத சேஞ்சிங் பேக்குக்குள் கை வியர்க்க வியர்க்க அது இன்னும் ஒட்டும். முறுக்கித் தள்ளாதீர்கள், ஃபிலிம் மடங்கிய இடத்தில் படத்தில் பிறை வடிவக் கறை விழும். ரோலையும் ரீலையும் டாங்கிக்குள் போட்டு மூடிவிட்டு, கையை வெளியே எடுத்துத் துடைத்து, கொஞ்சம் ஆறவிட்டுத் தொடருங்கள். ஏற்றும் முன் நுனியின் இரு மூலைகளையும் லேசாக வெட்டிவிட்டால் பாதிச் சிக்கல் தீரும்.

டெவலப் சீராகப் போயிற்று: முதல் 10 நொடியில் நான்கு கவிழ்ப்பு, பிறகு ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் நான்கு, ஒவ்வொரு முறையும் காற்றுக்குமிழி போக டாங்கியைத் தரையில் ஒரு தட்டு. ஊற்றி எடுக்க ஆகும் 10 நொடியும் 8 நிமிடத்துக்குள் அடக்கம். இடையில் தண்ணீரால் இரு அலசல், பிறகு ஃபிக்ஸர் 10 நிமிடம்.

பலர் கோட்டைவிடுவது அதற்குப் பிறகுதான். 24 டிகிரியில் டெவலப் செய்த ஃபிலிமை நேராகக் குழாய்த் தண்ணீரில் காட்டாதீர்கள். திடீர்ச் சூட்டில் எமல்ஷன் (படம் பதியும் மேல்பூச்சு) ஊறி இளகி, நகம் பட்டாலே கீறும். ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ஃபிலிம் தயாரித்த காலத்தில் அந்த மலைக் குளிர்தான் அவர்களுக்குத் துணை. சமவெளியில் நமக்கு ஒரு பேசினும் ஐஸும்தான். கழுவும் தண்ணீரையும் ஒரு லிட்டர் முன்கூட்டியே அதே ஐஸ் பேசினில் வைத்துவிடுங்கள். அவ்வளவு போதும், ஏனென்றால் குழாயை அரை மணி நேரம் திறந்துவிடத் தேவையில்லை: டாங்கியை நிரப்பி 5 முறை கவிழ்த்துக் கொட்டி, மறுபடி நிரப்பி 10 முறை, மறுபடி 20 முறை. இல்ஃபோர்டு சொல்லும் முறை இது, எமல்ஷனை இறுகவைக்கும் கடினமாக்கி சேராத ஃபிக்ஸருக்குப் பொருந்தும். தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் தெருக்களுக்கு இதைவிட நல்ல முறை இல்லை.

கடைசி முக்கு மட்டும் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில். போர் தண்ணீரில் முக்கித் தொங்கவிட்டால் காய்ந்தபின் வெள்ளைப் புள்ளி வரிசைகட்டி நிற்கும், துடைத்தாலும் போகாது. காயும்போது ஃபேனை நிறுத்துங்கள். ஈரமான எமல்ஷனில் ஒட்டிய தூசி பிறகு வராது. கதவு மூடிய குளியலறையில் நான்கு மணி நேரம், மழைக்காலத்தில் ஓர் இரவு.

மூன்றாவது ரோலில் வேட்டி மடிப்பு, கரை, கரைக்குக் கீழே விழுந்த நிழல் மூன்றும் தனித்தனியாக வந்துவிட்டன. தண்ணீர் கலக்காத மிச்ச டெவலப்பரை 150 மி.லி. பிடிக்கும் சின்னப் பழுப்புக் கண்ணாடி பாட்டில்களில் கழுத்துவரை நிரப்பி, தேதி எழுதி வையுங்கள். ரோலுக்கு ஒரு பாட்டில் என்று ஆகும், பாதி காலியான பாட்டில் என்ற பேச்சே வராது. சல்பைட் பாட்டிலின் மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, அடுத்த முறை திறக்கும்போது முதலில் அந்த இரண்டு சொட்டு அயோடின்.