இல்லாத பிழையைத் தேடிய கதை

அக்கா மகனுக்கு வயது 11. விடுமுறைக்கு வந்திருந்தான். அவனுக்காக, விண்கலத்தைத் தரையிறக்கும் ஒரு சின்ன கம்ப்யூட்டர் விளையாட்டை எழுத ஆரம்பித்தேன். காற்றடித்து விரிக்கும் வெப்பக் கவசத்தை வைத்து நாசாவே முன்பு ஒரு விளையாட்டை வெளியிட்டிருந்தது. யோசனை அங்கிருந்து வந்ததுதான். என்னுடையதில் படம் குறைவு, எண்கள் அதிகம். எனக்கு வரைய வராது, வேறென்ன.

ஆட்டம் எளிது. கலம் விநாடிக்கு 7.8 கிலோமீட்டர் வேகத்தில் வந்துகொண்டிருக்கும். காற்று தட்டுப்படுவதற்கு முன்பே 'ஊது' பொத்தானை அழுத்திக் கவசத்தை விரித்துவிட வேண்டும். தாமதித்தால் எரிந்து போகும். முதல் நாள் முழுக்க எரித்துக்கொண்டே இருந்தான். அப்புறம் கேட்டான்: "பலூன்தானே மாமா, தீயில வெடிச்சிடாதா?"

நியாயமான கேள்வி. லாரி டியூப்களைச் சிறிதிலிருந்து பெரிதாக ஒன்றின்மேல் ஒன்று அடுக்கி இறுக்கிக் கட்டினால் கூம்பு போல் வரும் அல்லவா, கவசத்தின் எலும்புக்கூடு அப்படித்தான் இருக்கும். அதற்குள் நைட்ரஜனை அடைப்பார்கள். தீயைப் பார்ப்பது அந்த டியூப் இல்லை, அதன்மேல் போர்த்திய போர்வை. வெளியே சிலிக்கான் கார்பைடு இழையில் நெய்த துணி, 1,600 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். நடுவில் வெப்பத்தைக் கடத்தாத அடுக்குகள், அடியில் வாயு புகாத படலம். இதையெல்லாம் பொட்டலமாக மடித்துவிடலாம் என்பதுதான் விசேஷம். 2022 நவம்பர் 10 அன்று அட்லஸ் ராக்கெட்டில் போன, நாசாவின் லாஃப்டிட் என்ற சோதனைக் கவசம் விரிந்தால் 6 மீட்டர். அதைச் சுமந்த ராக்கெட்டின் மூக்குக் கூட்டின் விட்டமோ 4 மீட்டர்தான். ஹவாய்க்கு அருகே கடலில் இறங்கியதை முழுசாக மீட்டெடுத்தார்கள்.

அந்த 6 மீட்டரையும், 2012-இல் சோதித்த ஐர்வ்-3 கவசத்தின் 3 மீட்டரையும் என் ஆட்டத்தில் இரண்டு தேர்வுகளாக வைத்தேன். கலத்தின் எடை இரண்டுக்கும் ஒன்றே. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

"மாமா, உங்க கேம் தப்பு" என்று வந்து நின்றான். 3 மீட்டரில் இறக்கினாலும் 6 மீட்டரில் இறக்கினாலும் உச்சபட்ச 'ஜி' (வேகம் குறையும்போது விழும் உலுக்கல் பூமியின் ஈர்ப்பைப் போல எத்தனை மடங்கு என்ற கணக்கு) 13.8 என்றே காட்டுகிறதாம். பார்த்தேன், உண்மைதான். பெரிய குடை என்றால் உலுக்கலும் கூடவோ குறையவோ வேண்டாமா? விட்டத்தை எங்கோ மாற்ற மறந்துவிட்டேன் என்று நினைத்து ராத்திரி இரண்டு மணி வரை ஒவ்வொரு வரியாகத் துழாவினேன். பிழையே இல்லை.

1950-களிலேயே ஆலன், எக்கர்ஸ் என்ற இருவர் இந்தக் கணக்கைப் போட்டு முடித்துவிட்டார்கள். என் ஆட்டத்தில் போல, ஒரே வேகத்தில், ஒரே கோணத்தில் நேர்கோடாக இறங்கினால் உச்சபட்ச உலுக்கல் கவசத்தின் அளவையோ எடையையோ பொறுத்தது இல்லை. நுழைந்த வேகத்தில் ஏறக்குறைய 60 சதவீதத்துக்கு வரும்போது அது நிகழும், அவ்வளவுதான். மாறுவது உயரம். சிறியது வேகம் குறையாமல் அடர்ந்த காற்றுக்குள் பாய்ந்து 50 கிலோமீட்டரில் முட்டுகிறது. பெரியது மெல்லிய காற்றையே அகலமாக அள்ளிக்கொண்டு 60 கிலோமீட்டரிலேயே வேலையை முடித்துவிடுகிறது. அந்த 10 கிலோமீட்டர்தான் எல்லாம். காற்று மெலிந்திருப்பதாலும் முகப்பு மழுங்கலாக இருப்பதாலும் வெப்பத்தின் உச்சம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது. நான் திரையில் 'ஜி'யைப் பெரிய எழுத்தில் போட்டு, உயரத்தை மூலையில் ஒளித்து வைத்திருந்தேன். தப்பு அதுதான்.

மறுநாள் உயரத்தை நடுவுக்குக் கொண்டுவந்து செவ்வாயையும் சேர்த்தேன். அங்கே தரையில் காற்றழுத்தம் பூமியில் இருப்பதில் ஒரு சதவீதம்கூடக் கிடையாது. உச்சம் நிகழும் உயரம் கீழே கீழே போய், பாராசூட் விரிக்க நேரமில்லாமல் தரை வந்துவிடுகிறது. செவ்வாயில் இறங்கிய 900 கிலோ கியூரியாசிட்டி ஊர்திக்கு 4.5 மீட்டர் கெட்டிக் கவசம் போதுமானதாக இருந்தது. மனிதர்களை இறக்கப் பல டன் வேண்டும். அத்தனை பெரிய தட்டு எந்த ராக்கெட்டின் கூட்டுக்குள் நுழையும்?

அவன் 20 டன் கலத்தை ஏற்றி, 3 மீட்டரில் தொடங்கி ஒவ்வொரு மீட்டராகக் கூட்டிப் பார்த்தான். எதில் பிழைத்தது என்று நோட்டில் எழுதிக்கொண்டான், எனக்குக் காட்டவில்லை. இப்போதெல்லாம் வேண்டுமென்றே 3 மீட்டரைத்தான் எடுக்கிறான். எரியும் காட்சி ஒன்றைத்தான் நான் உருப்படியாக வரைந்திருக்கிறேனாம்.