கடலோரத்திலிருந்து குல்மர்க் வரை: பனிச்சறுக்குச் சாமான்களோடு ஒரு பயணம்

சென்னையிலிருந்து பனிச்சறுக்குக்காகக் காஷ்மீரிலுள்ள குல்மர்க் செல்லத் திட்டமிடும் நண்பர்கள் பெரும்பாலும் என்னிடம் கேட்பது, அவ்வளவு நீளமான பலகைகளை விமானத்தில் எப்படி ஏற்றுவது என்பதைத்தான். பலகைகளை அங்கேயே வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள், பூட்ஸை மட்டும் சொந்தமாக வாங்கி, அதையும் சரக்கில் போடாமல் கையோடு கொண்டுசெல்லுங்கள் என்பதே நான் எப்போதும் சொல்லும் பதில். பணம் செலவழித்து ஒரு ஜோடி பலகை வாங்கிவிட்டவர்களுக்கு இது பிடிப்பதில்லை என்றாலும், இதை நான் உறுதியாகவே சொல்கிறேன்.

பலகை மாறினால் சறுக்கும் விதம் கொஞ்சம் மாறும், பழகிக்கொள்ளலாம். பூட்ஸ் பொருந்தாவிட்டால் அன்றைய நாளே வீண். பிளாஸ்டிக் ஓட்டுக்குள் கால் ஆடினால் பலகைக்கு நம் கட்டளை போய்ச் சேராது. இறுக்கினால் பாதம் மரத்துவிடும், மரத்த பாதத்துக்குப் பனியில் குளிரும் கூடுதலாக ஏறும். பனிச்சறுக்கு பூட்ஸின் அளவு செருப்புக்கடை எண்களில் வருவதில்லை. பாதத்தின் நீளத்தைச் சென்டிமீட்டரில் அளந்து, 26.5, 27.5 என்று குறிக்கிறார்கள். குதிகாலைச் சுவரில் ஒட்டி வைத்து, நுனிவிரல் வரை அளந்து, மாலையில் கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொண்டால் போதும். மாறாக, பலகைகளை வாடகைக்கு எடுப்பதில் ஆதாயமே இருக்கிறது. குல்மர்குக்கு மேலே நிற்கும் அப்பர்வத் மலையின் சரிவுகளில் புதுப்பனி ஆழமாக விழுந்திருக்கும் நாளில் அகலமான பலகை வேண்டும்; கீழே தட்டிச் சமன்செய்த சரிவில் பயிலும்போது குறுகலான பலகை போதும். கடைக்காரரிடம் உங்கள் எடை, உயரம், வயது, அனுபவம், பூட்ஸின் குதிகால் பக்கத்தில் மில்லிமீட்டரில் பொறிக்கப்பட்டிருக்கும் அடிநீளம் ஆகியவற்றைச் சொன்னால், பூட்ஸைப் பலகையோடு கவ்விப் பிடிக்கும் பைண்டிங்கை அதற்கேற்றபடி திருகிக் கொடுப்பார். விழும்போது காலை விடுவிப்பது அந்தப் பைண்டிங்தான் என்பதால், இதில் அவசரம் காட்டக்கூடாது.

ஒரு ஜோடி பூட்ஸ் ஏறக்குறைய நான்கு கிலோ இருக்கும். உள்நாட்டு விமானங்களில் கைப்பைக்குப் பொதுவாக 7 கிலோ அனுமதி என்பதால், மீதி மூன்று கிலோவுக்குள் காகிள்ஸ், கையுறை, ஒரு மாற்றுடை, மருந்து ஆகியவை அடங்கிவிடும். காலுறைகளைப் பூட்ஸுக்குள்ளேயே திணித்துவிட வேண்டும். அந்த வெற்றிடத்தை வீணாக்கலாகாது. மீனம்பாக்கத்தில் எக்ஸ்ரே இயந்திரத்துக்கு அப்பால் பையைத் தனியே எடுத்து வைத்த ஊழியர், "இவ்ளோ வெயிட்டா இருக்கே, உள்ள என்ன சார்?" என்று கேட்டார். "காஷ்மீர்ல பனியில சறுக்கறதுக்கு பூட்ஸுங்க" என்று சொல்லித் திறந்து காட்டினேன். உலோகக் கொக்கிகள் ஒவ்வொன்றையும் விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு, உள்ளே கைவிட்டுத் தடவி, அனுப்பிவைத்தார். அந்தச் சில நிமிடங்களைப் பயணத் திட்டத்தில் சேர்த்துக்கொள்வது நல்லது. சறுக்கும்போது ஊன்றும் கோல்களைக் கைப்பையோடு கொண்டுபோக அனுமதி கிடையாது. அவையும் வாடகைக்கே கிடைக்கின்றன.

சொந்தப் பலகைகளைத்தான் கொண்டுசெல்வேன் என்பவர்கள், டிக்கெட் வாங்கும்போதே விளையாட்டுச் சாமான் இருப்பதை விமான நிறுவனத்துக்குத் தெரிவித்து, அதற்குரிய கட்டணத்தையும் நீள வரம்பையும் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலான உள்நாட்டுச் சாதாரண வகுப்பு டிக்கெட்டுகளில் சரக்குக்கு 15 கிலோதான். பைண்டிங்கோடு ஒரு ஜோடி பலகையே அதில் ஐந்து முதல் ஏழு கிலோவைத் தின்றுவிடும். கட்டும் முறை எளிது. இரு பலகைகளின் அடிப்பரப்பும் ஒன்றையொன்று பார்க்கும்படி சேர்த்து, நடுவில் ஒரு மெல்லிய துணி வைத்து, இரண்டு இடங்களில் பட்டையால் இறுக்க வேண்டும். முனைகளுக்கும் பைண்டிங்குக்கும் ஜாக்கெட்டையும் கம்பளி உடைகளையும் சுற்றிவிட்டால், உடைக்குத் தனிப் பெட்டி தேவைப்படாது. விளிம்பில் ஓடும் எஃகுப் பட்டை கத்திபோல் கூர்மையாக இருக்கும். நான் முதல் சுற்றுக்கு ஒரு பழைய நான்குமுழ வேட்டியைப் பயன்படுத்துகிறேன். நல்ல பருத்தி வேட்டி அந்த விளிம்பிலிருந்து விலை உயர்ந்த ஜாக்கெட்டைக் காப்பாற்றும்.

சென்னைக்காரர்களுக்கு உண்மையான எதிரி விமானப் பயணம் அல்ல, வீட்டுப் பரண்தான். பனிநாடுகளில் எழுதப்படும் குறிப்புகளில் இது அரிதாகவே வருகிறது என்பதால் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். பல பூட்ஸ்களின் ஓடு பாலியூரித்தேன் என்னும் பிளாஸ்டிக்கால் ஆனது. ஈரப்பதமும் வெப்பமும் சேர்ந்தால் அதன் மூலக்கூறுச் சங்கிலிகளை நீர் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துவிடும். வெளிப்பார்வைக்குப் பளபளப்பு குறையாமல் இருக்கும்போதே உள்ளுக்குள் வலு போய்விடும். திருவான்மியூரில் கடற்கரைக்கு அருகில் குடியிருக்கும் நண்பர் ஒருவர் தம் பூட்ஸைப் பல ஆண்டுகள் பரணில் வைத்திருந்து, குல்மர்கில் எடுத்து அணிந்து, பைண்டிங்கில் குதிகாலை அழுத்திய கணத்தில், குதிப்பகுதி காய்ந்த புட்டுப்போல உதிர்ந்தது. சமதரையில் நின்றிருந்ததால் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அதே குதிப்பகுதியைத்தான் பைண்டிங் கவ்விப் பிடித்திருக்கும். சரிவில் வேகமாக இறங்கும்போது உடைந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கவே அச்சமாக இருக்கிறது.

எனவே வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து மார்கழி பிறக்கும்போது, அதாவது பயணத்துக்கு முன்னதாகவே, பூட்ஸை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். அடிப்பகுதியின் விளிம்பைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்தினால் தூள் வரக்கூடாது. கொக்கிகளின் ஆணிகளைச் சுற்றி மயிரிழை விரிசல் இருக்கக்கூடாது. இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்த ஜோடியை விட்டுவிட வேண்டியதுதான்; பசை போட்டு ஒட்டிச் சரிசெய்யும் வழி கிடையாது. பலகைகளின் எஃகு விளிம்புக்கு உப்புக்காற்று பகை. பருவம் முடிந்ததும் குல்மர்க் கடைகளிலேயே அடிப்பரப்பிலும் விளிம்பிலும் மெழுகை உருக்கிப் பூசச் சொல்லி, சுரண்டாமல் அப்படியே விட்டுக் கொண்டுவந்தால், அந்த மெழுகுப் படலம் சென்னையின் காற்றிலிருந்து விளிம்பைக் காக்கும். பனிச்சரிவில் புதைந்தவரைத் தேடப் பயன்படும் சமிக்ஞைக் கருவி வைத்திருப்பவர்கள், வீடு திரும்பியதும் அதன் பேட்டரிகளைக் கழற்றிவிட வேண்டும்; கசிந்தால் கருவியே கெடும்.

இனி வழி. குல்மர்கில் டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை பனி இருக்கும். ஜனவரி, பிப்ரவரி சிறந்த மாதங்கள். ஜனவரி என்றால் டெல்லியின் காலை மூடுபனியையும், டிசம்பர் 21 முதல் நாற்பது நாள் நீடிக்கும் சில்லை கலான் என்னும் காஷ்மீரின் கடுங்குளிரையும் சேர்த்தே எதிர்கொள்ள வேண்டும். சென்னை, டெல்லி, ஸ்ரீநகர் மூன்றையும் ஒரே டிக்கெட்டில் வாங்குவதையே நான் வற்புறுத்துவேன்; தனித்தனியாக வாங்கினால், முதல் விமானம் தாமதித்து அடுத்தது போய்விட்டால் கேட்க ஆளிருக்காது, டெல்லியில் சாமானை எடுத்து வேறு முனையத்துக்குச் சுமக்கவும் நேரும். ஸ்ரீநகரில் இறங்கிய அன்றே மலையேறாமல் ஓர் இரவு அங்கே தங்குவதும் அவசியம் என்றே கருதுகிறேன். கடல்மட்டத்தில் வாழும் உடல் ஏறத்தாழ 2,650 மீட்டரில் உள்ள குல்மர்குக்கும், அங்கிருந்து கோண்டோலா என்னும் கம்பிவட ஊர்தியில் 3,900 மீட்டருக்கு மேலும் போகப்போகிறது. அதற்கு அந்த ஓர் இரவு துணைசெய்யும்.

ரயிலை விரும்புகிறவர்கள் சென்னை சென்ட்ரலில் அந்தமான் எக்ஸ்பிரஸ் ஏறிக் கத்ரா வரை சென்று, 2025 ஜூனில் செனாப் பாலத்தோடு திறக்கப்பட்ட பாதையில் ஸ்ரீநகரை அடையலாம். ஆனால் ரயில்பெட்டிக்குள் கொண்டுபோகும் பெட்டியின் நீளத்துக்கு ஒரு மீட்டர்தான் வரம்பு. பலகைகளைப் பார்சல் பெட்டியில்தான் பதிய வேண்டியிருக்கும். பூட்ஸோடு மட்டும் போகிறவர்களுக்கு இது நிம்மதியான பயணம்.

ஸ்ரீநகரிலிருந்து குல்மர்க் சுமார் 50 கிலோமீட்டர். பனி விழுந்திருந்தால் வழியிலுள்ள தங்மர்கில் சாதாரண டாக்சியை நிறுத்திவிட்டு, சங்கிலி கட்டிய வண்டிக்கு மாற வேண்டும். ஓட்டுநர் பனியில் மண்டியிட்டு, சங்கிலியைச் சக்கரத்தின் மேல் போர்த்தி, வண்டியை அரைச்சுற்று நகர்த்தி, கொக்கியை மாட்டி, மறுபடி இறுக்குவார். அந்த நேரத்தில் சாமான்கள் சாலையோரச் சேற்றுப்பனியில் இருக்கும் என்பதால், நீர் புகாத உறை ஒன்று கைவசம் வேண்டும். பலகைகளைக் கூரையில் கட்டச் சொந்தப் பட்டை வைத்திருப்பது நல்லது. மாலையில் அச்சாலை உறைந்து வழுக்கும். நண்பகலுக்குள் தங்மர்கைக் கடந்துவிடுவது உசிதம். வெளிமாநில பிரீபெய்டு சிம் காஷ்மீரில் வேலை செய்யாது. போஸ்ட்பெய்டு இணைப்பு உள்ளவர் ஒருவராவது குழுவில் இருக்கட்டும்.

பனிச்சரிவில் சிக்கும்போது காற்றுப்பை விரியும் மீட்புப் பை வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அழுத்த வாயு உருளையுள்ள அப்படிப்பட்ட பையை ஒருவர் ஒன்று கொண்டுசெல்லப் பன்னாட்டு விமானப் போக்குவரத்து விதிகள் இடம் தருகின்றன; ஆனால் அதற்கு விமான நிறுவனத்தின் முன்னனுமதி தேவை. எழுத்தில் வாங்கி அச்சிட்டு வைத்துக்கொள்ளாமல் புறப்பட வேண்டாம்.

திரும்பும்போது ஸ்ரீநகரில் விமான நிலையக் கட்டடத்தை எட்டுமுன்பே வெளிவாயிலில் எல்லாச் சாமானையும் இறக்கிச் சோதிப்பார்கள், உள்ளே மறுபடியும் சோதிப்பார்கள். மூன்று மணி நேரம் முன்னதாகப் போய்விடுங்கள். அதற்கு முந்தைய இரவிலேயே பூட்ஸின் உள்ளுறையைத் தனியே உருவி, செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து அறைக்காற்றில் உலர விடுங்கள். விறகடுப்பான புகாரியின் பக்கத்தில் வைத்தால் பசை இளகி உருமாறிவிடும். சென்னை வீட்டில் பையை ஒரு வாரம் திறந்தே வைத்திருந்து, முழுவதும் காய்ந்த பின், சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு காற்றோட்டமான அலமாரியின் கீழ்த்தட்டில் வையுங்கள். கொக்கிகள் லேசாக மாட்டியிருந்தால் ஓடு வடிவம் மாறாமல் இருக்கும்.