கெராச்சுட் கடற்கரைக்கு நாற்பது பேரைக் கூட்டிப்போக அனுமதி வாங்கிய கதை

தெலுக் பஹாங்கில் இருக்கும் பினாங்கு தேசியப் பூங்காவில் நிகழ்ச்சி நடத்த எப்படி அனுமதி வாங்கினீர்கள் என்று போன மாதத்திலிருந்து நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாட்ஸ்அப்பில் சொல்வதைவிட நடந்ததை அப்படியே இங்கே எழுதிவிடுகிறேன், நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் ஒரு தமிழ்ப்பள்ளியின் முன்னாள் மாணவர்கள். ஜூன் விடுமுறையில் பிள்ளைகளையும் பெற்றோரையும் அந்தப் பூங்காவுக்குள் இருக்கும் கெராச்சுட் கடற்கரைக்குக் கூட்டிப்போய், ஆமைகளைப் பற்றிச் சொல்லிக்கொடுத்து, கரையில் ஒதுங்கிக் கிடக்கும் குப்பையைப் பொறுக்கிவிட்டு வரலாம் என்று ஆரம்பித்தோம். முதல் கூட்டம் முடிவதற்குள் அது 120 பேர், திறப்பு விழா, ஒலிபெருக்கி, வண்ண பலூன் பறக்கவிடுவது, இரவு கூடாரம் போட்டுத் தங்கி ஆமை முட்டையிடுவதைப் பார்ப்பது என்று எங்கேயோ போய்விட்டது. யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

முதல் தவறு கடிதத்திலேயே. காடு என்றால் வன இலாகாதானே என்று நினைத்து அங்கே அனுப்பிவிட்டோம். அவர்கள் போன் செய்து, தெலுக் பஹாங்கில் எங்கள் பொறுப்பில் இருப்பது அந்தப் பக்கத்து வனப் பூங்கா, நீங்கள் கேட்பது தேசியப் பூங்கா, அது பெர்ஹிலிதான் என்கிற வனவிலங்கு இலாகாவுடையது என்று பொறுமையாக விளக்கினார்கள். பிறகுதான் தேடிப் படித்தேன். தேசியப் பூங்கா 2003ல் 1980ஆம் ஆண்டு தேசியப் பூங்காச் சட்டத்தின் கீழ் அரசிதழில் வந்தது, அதைப் பார்த்துக்கொள்வது வனவிலங்கு இலாகா. ஆனால் கெராச்சுட்டில் இருக்கும் ஆமைப் பாதுகாப்பு நிலையம் மீன்வள இலாகாவுடையது. ஆக ஒரே ஊரில் மூன்று இலாகா. இரண்டு வாரம் இதிலேயே போனது. நீங்கள் பினாங்கு ஹில் என்கிற கொடிமலையிலோ தண்ணீர்மலைப் பக்கம் இருக்கும் தாவரவியல் பூங்காவிலோ எதையாவது நடத்த நினைத்தாலும் முதலில் அந்த நிலம் யாருடையது என்று கேளுங்கள். 2021ல் யுனெஸ்கோ அறிவித்த உயிர்க்கோளக் காப்பகத்துக்குள், அதாவது இயற்கையையும் மக்களையும் சேர்த்துக் காக்கும் வட்டாரத்துக்குள், இந்த இடங்கள் எல்லாமே வருகின்றன, அதனால் எல்லாம் ஒரே அலுவலகம் என்று எங்கள் குழுவிலேயே சிலர் நினைத்தார்கள். அனுமதி அந்தந்த இடத்தைப் பார்த்துக்கொள்பவரிடம்தான் வாங்க வேண்டும்.

சரி, மறுபடியும் மலாயில் கடிதம், கூடவே ஆறு பக்கத்துக்குக் கெர்தாஸ் கெர்ஜா, அதாவது நிகழ்ச்சித் திட்ட அறிக்கை. நோக்கம், தேதி, வருகிறவர்களின் பெயரும் அடையாள அட்டை எண்ணும், போகும் பாதை, முதலுதவி, குப்பையை என்ன செய்வோம் என்று எல்லாம் எழுதினோம். தபாலில் போட்டுவிட்டுக் காத்திருக்காமல் நானும் குழுவில் ஒரு தம்பியும் நேரில் கொண்டுபோய்க் கொடுத்தோம், அது நல்லதாகப் போயிற்று. அங்கே இருந்த பெண் அதிகாரி எங்களை உட்காரவைத்து ஒவ்வொரு பக்கமாகப் படித்துக் கேள்வி கேட்டார். "புவான் (அம்மா), இந்த பலூன் எங்கே போய் விழும்?" என்று என்னைக் கேட்டார். எங்கள் இருவருக்கும் பதில் வரவில்லை. கடலில்தான் விழும், கிழிந்து மிதக்கும், ஆமை அதை விழுங்கும். ஆமையைக் காப்போம் என்று பதாகை அடித்துவிட்டு நாங்கள் செய்ய இருந்தது அதைத்தான். அங்கேயே பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தேன்.

இரவுத் தங்கலும் போனது. ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை பச்சை ஆமைகள் கரையேறும் காலம், நாங்கள் கேட்ட ஜூன் அதற்கு நட்டநடுவே. கைவிளக்கு வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் இருந்தால் தாய் ஆமை முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பிவிடும், குஞ்சுகள் வெளிச்சத்தைப் பார்த்துத் திசை மாறிப் போய்விடும். இதையெல்லாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கப் போகிறோம் என்று எழுதிக் கொடுத்தவர்கள் நாங்கள். ஒலிபெருக்கிக்கும் அதே கதி. மரத்தில் ஆணி அடித்துப் பதாகை கட்டக்கூடாது என்றதும் எங்களுக்குப் பணம் தருவதாகச் சொன்ன ஒரு நிறுவனம், தங்கள் பெயர் வெளியே தெரியாத இடத்துக்கு ஏன் செலவழிக்க வேண்டும் என்று விலகிக்கொண்டது. அன்றைக்கு எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது, இப்போது நினைத்தாலும் வருகிறது. ஆனால் பலூனும் ஒலிபெருக்கியும் மேடையும் இல்லாத நிகழ்ச்சிக்கு அவ்வளவு பணம் தேவைப்படவும் இல்லை.

கடைசியாக அந்த அதிகாரி கேட்டது: "திரும்பி வரப் படகு வராவிட்டால்?" போகும்போது நடப்பது, வரும்போது படகு என்பது எங்கள் திட்டம். படகு வராமல் எங்கே போகும் என்று தம்பி சிரித்தார். அதிகாரி சிரிக்கவில்லை. முதலில் நீங்கள் போய் நடந்து பார்த்துவிட்டு வாருங்கள் என்றார்.

போனோம். வாசலிலிருந்து கெராச்சுட்டுக்கு மூன்றரை கிலோமீட்டர் போல வரும், தாளில் ஒன்றுமில்லை. காட்டுக்குள் வேரும் ஏற்றமும் ஈரமுமாக எனக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது, எனக்கு ஐம்பத்திரண்டு வயது. எட்டு வயதுப் பிள்ளையும் முழங்கால் வலி உள்ள பாட்டியும் இதே பாதையில் வருவார்கள் என்று யோசித்தபோதுதான் 120 என்ற எண் எவ்வளவு பெரியது என்று புரிந்தது. அந்த ஒற்றையடிப் பாதையில் அத்தனை பேர் வரிசையாகப் போனால் பாதை அகலமாகிவிடும், ஓரத்துச் செடிகள் மிதிபடும், எதிரில் வருகிறவர்கள் ஒதுங்கக்கூட இடம் கிடையாது. வீட்டுக்கு வந்து நாற்பது என்று மாற்றினேன். பத்துப் பத்துப் பேராக நான்கு குழு, குழுவுக்கும் குழுவுக்கும் இருபது நிமிட இடைவெளி. எண்பது பேரிடம் இந்த முறை இல்லை என்று சொன்னதுதான் இதிலேயே கஷ்டமான வேலை, இரண்டு பேர் இன்னும் என்னிடம் பேசுவதில்லை.

திருத்திய தாள்களைக் கொடுத்து மூன்று வாரத்தில் அனுமதிக் கடிதம் வந்தது. ஆமை நிலையத்தில் விளக்கம் கேட்க மீன்வள இலாகாவுக்குத் தனிக் கடிதம் எழுதினோம். போலீஸ் நிலையத்துக்கும் ஒரு தகவல் கடிதம் கொடுத்து வைத்தோம். டிரோன் வைத்திருக்கும் ஒரு நண்பர் படம் எடுத்துத் தருகிறேன் என்றார், அதற்கு விமானப் போக்குவரத்து ஆணையத்தில் தொடங்கி வேறு அனுமதிகள் வேண்டும் என்பதால் வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொன்னோம்.

அன்று காலை ஏழரைக்கெல்லாம் வாசலில் கூடினோம். பசியாறல் அங்கேயே முடிந்தது, மதியத்துக்கு அவரவர் வீட்டு டப்பாவில் சாப்பாடு. பாதையில் பிளாஸ்டிக் பை கையில் தெரிந்தால் குரங்குகள் விடாது, அதனால் எல்லாம் முதுகுப் பைக்குள். கெராச்சுட் ஏரியை மரப்பாலத்தில் நின்று காட்டினோம், மேலே நல்ல தண்ணீர், அடியில் கடல் தண்ணீர், இரண்டும் கலக்காமல் அடுக்காக நிற்கும், வறண்ட மாதங்களில் வற்றியும் போகும். இரண்டு தண்ணீருக்கும் நடுவில் நிற்கும் மீனுக்கு எந்தத் தண்ணீர் பிடிக்கும் என்று ஒரு பையன் கேட்டான். கடலில் யாரையும் இறங்க விடவில்லை, அங்கே நீரோட்டமும் சொறி மீனும் உண்டு. ஆமை நிலையத்தில் தொட்டியில் இருந்த குஞ்சுகளைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் குப்பை பொறுக்கிய வேகத்தைச் சொல்ல வேண்டும், பதினொரு சாக்கு. பாதிக்கு மேல் தண்ணீர்ப் போத்தலும் செருப்பும் அறுந்த வலையும்.

பன்னிரண்டரைக்கு வானம் கறுத்தது. சுமத்ரா பக்கமிருந்து காற்று, கரையில் அலை ஆளுயரத்துக்கு எழும்பியது, படகுக்காரர் போன் செய்து இன்று ஒதுங்க முடியாது அக்கா என்று சொல்லிவிட்டார். அதிகாரி கேட்ட அதே கேள்வி. ஆனால் பதில் கைவசம் இருந்தது, அவர் கேட்டதால்தான் எழுதி வைத்திருந்தோம்: மழை விடும்வரை நிலையத்துக் கூரையின் கீழ் காத்திருப்பது, பிறகு அதே குழுக்களாக நடந்தே திரும்புவது, பாட்டிக்கு முன்னால் ஒருவர் பின்னால் ஒருவர். இரண்டு மணி நேரம் ஆனது. வழுக்கியது, இரண்டு பிள்ளைகள் அழுதார்கள், யாருக்கும் அடிபடவில்லை. சாக்குகளை மட்டும் நிலையத்திலேயே விட்டுவிட்டு வந்தோம்.

வாசலில் பெயர்ப் பட்டியலை வைத்து எண்ணினார்கள். நாற்பது. கடல் அடங்கி இரண்டு நாள் கழித்துப் படகுக்காரர் பதினொரு சாக்கையும் கொண்டுவந்து இறக்கிய பிறகுதான் அறிக்கையை எழுதி அந்த அதிகாரியிடம் கொடுத்தேன், அவர் முதலில் புரட்டிப் பார்த்தது குப்பைப் பக்கத்தை.