ஒரு பிடிஎஃப்புக்கு என் முகவரி எதற்கு?

ஒரே ஒரு பிடிஎஃப் இறக்கிக்கொள்ளத்தான் போவோம், அதற்குள் மின்னஞ்சல் முகவரி கேட்டு ஒரு பெட்டி வந்து நிற்கும். கொடுத்தால் போச்சு, மறுநாளிலிருந்து சலுகை, செய்திமடல், 'உங்களை மிஸ் செய்கிறோம்' என்று வந்து குவியும். இந்த மாதிரி இடங்களுக்கு நான் கொடுப்பது தற்காலிக முகவரிதான். டென் மினிட் மெயில் தளத்தைத் திறந்தாலே ஒரு முகவரி தயாராக இருக்கும், பதிவு, கடவுச்சொல் எதுவும் வேண்டாம். அதை ஒட்டிவிட்டு, உறுதிப்படுத்தும் இணைப்பு அதே பக்கத்தில் வந்து விழுந்ததும் சொடுக்கிவிட்டு நடையைக் கட்டலாம். 10 நிமிடத்தில் முகவரி காலாவதி, வேண்டுமானால் இன்னும் 10 நிமிடம் நீட்டிக்கலாம்.

ஆனால் ஒன்று. மெயிலினேட்டர் போன்ற தற்காலிக அஞ்சல் தளங்களின் இலவசப் பெட்டிகள் பொதுவானவை, முகவரி தெரிந்த (அல்லது குத்துமதிப்பாக யூகித்த) யார் வேண்டுமானாலும் உள்ளே வந்து படிக்கலாம். அதனால் வங்கி, பணம் கட்டி வாங்கும் பொருள், பிறகு திரும்ப நுழைய வேண்டிய கணக்கு, இவற்றுக்கெல்லாம் இது கூடவே கூடாது. கடவுச்சொல் மறந்தால் அதை மாற்றும் இணைப்பு எங்கே போகும், சொல்லுங்கள்?

அப்புறம், பல தளங்கள் இந்த முகவரிகளின் டொமைன்களை (@ குறிக்குப் பின் வரும் பகுதி) பட்டியல் போட்டுத் தடுத்துவிடுகின்றன. அங்கே ஃபயர்ஃபாக்ஸ் ரிலே, ஆப்பிளின் ஹைட் மை ஈமெயில் மாதிரி முகமூடி முகவரிகளை முயன்று பார்க்கலாம்: வரும் அஞ்சலை உண்மையான பெட்டிக்கு அனுப்பும், தொல்லை தொடங்கினால் அந்த ஒன்றை மட்டும் அணைத்துவிடலாம். ஜிமெயிலில் பெயருக்குப் பின் கூட்டல் குறி போட்டு ஒரு சொல் சேர்க்கும் வழியும் உண்டு, முகவரி எங்கிருந்து கசிந்தது என்று துப்புத் துலக்க அது பயன்படும், ஒளிந்துகொள்ள உதவாது, கூட்டலுக்குப் பின்னால் இருப்பதை வெட்டினால் அசல் முகவரி பல்லிளிக்கும்.