உள்ரூம் நெட்

மார்ச் 4, செவ்வாய்
மறுபடியும் கட். ஹாலில் முழு சிக்னல், அம்மா படுத்திருக்கிற உள்ரூமில் ஒரே கோடு. அதே கட்டிலில் என் போன் மட்டும் ஜம்மென்று ஓடுகிறது. லேப்டாப்புக்கு மட்டும் என்ன கேடு?

மார்ச் 5
கஸ்டமர் கேர்: "ரௌட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்." வேறு மந்திரமே தெரியாது இவர்களுக்கு. ஃபைபரில் சிக்னல் போனால் சிவக்கிற எல்ஓஎஸ் விளக்கு சிவக்கவில்லை. ஃபைபர் நன்றாகத்தான் இருக்கிறது.

மார்ச் 6, இரவு
அம்மாவும் தூங்கவில்லை. ரௌட்டரின் முகவரி 192.168.1.1-க்கு பிங் போட்டுவிட்டு, பதில் எத்தனை நேரத்தில் திரும்புகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். 3 மில்லிசெகண்ட், 4, 3, திடீரென்று 1800, அப்புறம் 'டைம்டு அவுட்'. ஹாலில் இருக்கிற ரௌட்டருக்கே போய்ச் சேரவில்லை. இதில் கம்பெனியைத் திட்டி என்ன ஆகப்போகிறது? கொஞ்ச நேரத்தில் லேப்டாப்பின் ஐபி முகவரி 169.254 என்று மாறியது. ரௌட்டர் முகவரி தராவிட்டால் விண்டோஸ் தானாகவே போட்டுக்கொள்கிற நம்பர் அது.
"என்னடா அது, ராத்திரியில?"
"நெட்டும்மா."
"அக்கா பேசினாளா?"
"இன்னும் இல்ல."

மார்ச் 7
அம்மாவின் மூச்சுப் பயிற்சிக் கருவியில் இன்று இரண்டு பந்து ஏறியது. மூன்றாவது அசையவே இல்லை.

மார்ச் 8, சனி
ரௌட்டர் வைஃபையை 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசையில் (பேண்ட்) அனுப்புகிறது. 5-க்கு வேகம் உண்டு, சுவர் தாண்டத் தெம்பில்லை. நடுவில் இரும்பு பீரோ வேறு. இரண்டு பேண்டுக்கும் ஒரே பெயர் இருந்ததால் லேப்டாப் அந்த 5-ஐயே பிடித்துத் தொங்கியிருக்கிறது. பெயரைப் பிரித்து 2.4-ல் மாட்டினேன். அங்கே தேர்க்கூட்டம், அக்கம்பக்கம் அத்தனை பேரும் 6-ம் சேனலில். ஒன்றோடொன்று இடிக்காதவை 1, 6, 11 மட்டும்தான். 11-க்குப் போனேன். மைக்ரோவேவும் இதே 2.4-ல்தான் இரைகிறது. கஞ்சியை இனி அடுப்பிலேயே சூடு பண்ணச் சொன்னேன். சித்தி முறைத்தாள். "உன் நெட்டுக்கு நான் அடுப்பில நிக்கணுமா?" நியாயமான கேள்வி.

மார்ச் 9
பந்து கருவியைத் தொடவே இல்லை. கேட்டால் திரும்பிப் படுத்துக்கொள்கிறாள்.

மார்ச் 10
வேலை பார்க்கும்போது பிரச்சினை இல்லை, சும்மா வைத்தால் விழுகிறது. டிவைஸ் மேனேஜரில் வைஃபை அடாப்டர், பவர் மேனேஜ்மென்ட். பேட்டரி மிச்சம் பிடிக்க அடாப்டரை அணைத்துக்கொள்ளலாம் என்று டிக் போட்டிருக்கிறது. யார் கேட்டார்கள் இந்தச் சிக்கனத்தை? எடுத்துவிட்டேன்.

மார்ச் 11
ராத்திரி முழுக்க பிங் ஓடியது. ஒன்றுகூட விழவில்லை. நானும் தூங்கவில்லை.

மார்ச் 12
ரிப்போர்ட் சாயங்காலம் மெயிலில் வருமாம். அக்காவுக்கு மெசேஜ் போட்டேன், ஒற்றை டிக். பிரிண்டர் பழைய வைஃபை பெயரையே தேடிக்கொண்டிருக்கிறது, அதையும் இப்போதே