ஃபிளாஸ்க்கின் அடியில் தங்கியிருந்த ஏழு சதவீதம்

எம்.ஃபார்ம் படிப்பில் மருந்துப் பகுப்பாய்வை எடுத்தவர்களில் பலர், ஆய்வுத் தலைப்பைப் பதிவு செய்யும்போது, சந்தையில் கிடைக்கும் ஒரு கூட்டு மருந்தைத் தேர்ந்து, அதிலுள்ள இரண்டு மருந்துகளையும் எச்.பி.எல்.சி. (கரைசலிலுள்ள பொருள்களை ஒரு குழாயின் வழியே பிரித்து அளக்கும் எந்திரம்) கொண்டு ஒரே ஓட்டத்தில் அளவிடும் முறையை உருவாக்குவதாக எழுதிக் கொடுப்பது வழக்கம். நானும் அப்படித்தான் கொடுத்தேன். எனக்கு அமைந்தது நீரிழிவு நோய்க்கான ஈரடுக்கு மாத்திரை: ஓர் அடுக்கில் உடனே கரையும் கிளிமிபிரைடு 1 மி.கி., மற்றோர் அடுக்கில் மெதுவாக வெளிப்படும் மெட்ஃபார்மின் ஹைட்ரோகுளோரைடு 500 மி.கி. இந்த ஆய்வில் ஏறத்தாழ நான்கு மாதங்களை நான் எந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து வீணாக்கினேன். கோளாறு எந்திரத்தில் இல்லை. மாத்திரையைக் கரைத்த ஃபிளாஸ்க்கில் இருந்தது. இப்போது இதே வேலையில் இறங்குபவர்களுக்கு அந்த நான்கு மாதங்கள் மிச்சமாகட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

முதலில் செய்ய வேண்டியதும் நான் செய்யத் தவறியதும், இரண்டு மருந்துகளின் குணங்களையும் ஒரே தாளில் பக்கம் பக்கமாக எழுதிப் பார்ப்பதுதான். மெட்ஃபார்மின் ஹைட்ரோகுளோரைடு தண்ணீரில் தாராளமாகக் கரையும். ஆல்கஹாலில் சிறிதளவே கரையும். அசிட்டோனில் கரையவே கரையாது எனலாம். கிளிமிபிரைடு இதற்கு நேர் எதிரானது. அதைத் தண்ணீரில் கரைக்க முயல்வது வீண். ஆகவே டைலூயன்ட்டில், அதாவது மாத்திரையைக் கரைக்கும் திரவத்தில், கரிமக் கரைப்பான் மிகுந்தால் மெட்ஃபார்மின் கரையாமல் நிற்கும். தண்ணீர் மிகுந்தால் கிளிமிபிரைடு தங்கிவிடும். இதோடு 500க்கு 1 என்ற அளவு விகிதமும் சேர்கிறது. ஐந்து மாத்திரைகளை 250 மி.லி. ஃபிளாஸ்க்கில் கரைத்தால், ஒரு மி.லி.யில் கிளிமிபிரைடு 20 மைக்ரோகிராமும் மெட்ஃபார்மின் 10,000 மைக்ரோகிராமும் இருக்கும். மெட்ஃபார்மின் புற ஊதா ஒளியை உட்கவரும் திறன் 232 நானோமீட்டரை ஒட்டி உச்சத்தில் இருக்கிறது; கிளிமிபிரைடை அளக்க வசதியான 228 நானோமீட்டரோ அதற்கு மிக அருகில் உள்ளது. அந்தக் கரைசலை நேரடியாக ஊசியேற்றினால் மெட்ஃபார்மின் பீக்கின், அதாவது எந்திரம் வரையும் மேட்டின், தலை தட்டையாகிவிடும்.

இந்தக் கணக்கைப் போடாமல், வழக்கமான 250 மி.மீ. நீளமுள்ள சி18 குழாயை (தண்ணீரோடு ஒட்டாத பொருள்களைப் பிடித்துவைக்கும் சிலிக்கா குழாய்) பொருத்தி, பாஸ்பேட் தாங்கல் கரைசலையும் அசிட்டோநைட்ரைல் என்ற கரிமக் கரைப்பானையும் சரிபாதியாகக் கலந்து ஓட்டினேன். மெட்ஃபார்மின் இரண்டரை நிமிடத்தை ஒட்டி, அதாவது எதனாலும் பிடித்துவைக்கப்படாத பொருள்கள் வெளியேறும் நேரத்திலேயே வந்துவிட்டது. அதன் பி.கே.ஏ. (மருந்தில் பாதி அயனியாக இருக்கும் பி.எச்.) 12.4 என்பதால், சிலிக்கா குழாய் தாங்கக்கூடிய 2 முதல் 8 வரையிலான பி.எச். எல்லைக்குள் அது எப்போதும் நேர்மின்சுமையுடனேயே இருக்கும். தாங்கல் கரைசலின் பி.எச்.சை எவ்வளவு மாற்றினாலும் அது சி18இல் ஒட்டப்போவதில்லை. ஆக்டேன் சல்ஃபோனேட் போன்ற அயனி இணைக் காரணியை (மெட்ஃபார்மினின் மின்சுமையோடு இணைந்து அதைக் குழாயில் ஒட்டவைக்கும் பொருளை) சேர்த்து, அசிட்டோநைட்ரைலைக் குறைவாகத் தொடங்கிப் பிறகு ஏற்றும் கிரேடியன்ட் முறைக்கு மாறிய பின்புதான் அது குழாயில் நின்றது. அயனி இணைக் காரணி ஓடிய குழாயைப் பழைய நிலைக்கு முழுவதுமாக மீட்பது கடினம் என்பதால், அதன்மேல் சீட்டு ஒட்டி அந்த வேலைக்கென்றே தனியாக ஒதுக்கிவிடுங்கள்.

கிளிமிபிரைடின் கதை வேறு. அதன் பி.கே.ஏ. 6.2 அளவில் இருக்கிறது. நான் முதலில் பி.எச். 6இல் ஓட்டியபோது, தாங்கல் கரைசலைப் புதிதாகத் தயாரித்த ஒவ்வொரு நாளும் அதன் பீக் இடம் மாறியது. பி.கே.ஏ.யை ஒட்டிய பி.எச்.சில் 0.1 அளவு பிசகினாலும் அயனியான பங்கும் அயனியாகாத பங்கும் கணிசமாக மாறிவிடும். எனவே இரண்டு அலகாவது தள்ளி நிற்பது நல்லது. பி.எச். 3.0க்கு மாறியதும் பீக் அசையவில்லை. பாஸ்பேட்டின் தாங்குதிறனும் அங்கே போதுமானதாக இருக்கிறது. பி.எச்.சைக் கரிமக் கரைப்பான் சேர்ப்பதற்கு முன்பே சரிசெய்யுங்கள். கலந்த பிறகு மீட்டர் காட்டும் எண்ணுக்கு அதே பொருள் கிடையாது.

இத்தனை வேலைக்குப் பிறகு பீக்குகள் அழகாக வந்தன. டெயிலிங், அதாவது பீக்கின் வால் நீட்சி, 2க்குள் இருந்தது. ஆறு முறை ஊசியேற்றியதில் ஆர்.எஸ்.டி., அதாவது அளவுகளுக்கு இடையிலான சிதறல், 1 சதவீதத்தைத் தாண்டவில்லை. ஆனால் மாத்திரையை அளந்தபோது மெட்ஃபார்மின் 99 சதவீதமும் கிளிமிபிரைடு 93 சதவீதமும் காட்டின. அலைநீளத்தை மாற்றினேன், மொபைல் ஃபேஸை (குழாயில் ஓடும் கரைசலை) மாற்றினேன், குழாயையே மாற்றினேன். 93 அப்படியே நின்றது. மருந்து நிறுவனம் குறைவாகப் போட்டிருக்கிறது என்று கூட ஒரு வாரம் நம்பினேன். மாணவர்களுக்கு இப்படி நம்பத் தோன்றுவது இயல்பு. ஆனால் தன் முறையைச் சந்தேகித்து முடிக்கும் வரை மாத்திரையைச் சந்தேகிக்கும் உரிமை நமக்கு இல்லை.

என்னை மேலும் குழப்பியது துல்லியச் சோதனை. மாத்திரைத் தூளுடன் தூய மருந்தை 80, 100, 120 சதவீத அளவுகளில் சேர்த்து மும்மூன்று முறை அளந்தபோது, சேர்த்த மருந்து 99.6 சதவீதம் திரும்பக் கிடைத்தது. மருந்துத் தர நெறிமுறைகளை வகுக்கும் பன்னாட்டு அமைப்பான ஐ.சி.எச். கேட்கும் ஒன்பது அளவீடுகளும் நிறைவேறிவிட்டன. முறை சரி என்று தாள் சொல்கிறது. மாத்திரை மட்டும் ஏழு சதவீதம் குறைகிறது. ஆய்வகத்தில் பல ஆண்டுகளாக இருந்த உதவியாளர் ஒருவர்தான், “தம்பி, அந்த ஃபிளாஸ்க்கோட அடியைப் பார்த்தீங்களா?” என்று கேட்டார். தூக்கி வெளிச்சத்தில் பார்த்தேன். அடியில் கண்ணாடி போன்ற பசைத் துணுக்குகள் ஒட்டியிருந்தன.

விளக்கம் எளிது. மெட்ஃபார்மின் அடுக்கில் மருந்தை மெதுவாக விடுவதற்காக எச்.பி.எம்.சி. என்ற பாலிமர் சேர்க்கப்பட்டிருக்கிறது, தண்ணீர் பட்டதும் அது உப்பிக் கூழாகும். நான் முதலில் தண்ணீரை ஊற்றிப் பிறகு அசிட்டோநைட்ரைலைச் சேர்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீரில் நன்கு கரையும் மெட்ஃபார்மின் கூழிலிருந்து வெளியேறிவிட்டது; கரையாத கிளிமிபிரைடின் துகள்களோ கூழுக்குள் சிக்கிக்கொண்டன. நான் வெளியிலிருந்து தூவிய தூய மருந்து கூழில் சிக்காமல் உடனே கரைந்ததால், திரும்பக் கிடைத்த அளவு முழுமையாக இருந்தது. அதாவது அந்தச் சோதனை அளந்தது நான் தூவிய மருந்தை மட்டுமே. மாத்திரைக்குள் அழுத்தப்பட்ட மருந்து வெளியே வருகிறதா என்ற கேள்வியை அது தொடவே இல்லை. தூவிச் சேர்க்கும் சோதனையை மட்டும் நம்பி முடிக்கப்பட்ட ஆய்வேடுகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இப்போது இந்தச் சந்தேகம் எழுகிறது.

வரிசையைத் தலைகீழாக்கினேன். மாத்திரைகள் உள்ள ஃபிளாஸ்க்கில் முதலில் அசிட்டோநைட்ரைலைச் சிறு பங்கு தண்ணீருடன் ஊற்றி, கிளிமிபிரைடு அடுக்கு முழுவதும் சிதறும் வரை குலுக்கி, அதன் பிறகே மீதித் தண்ணீரைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, எந்திரக் குலுக்கியில் வைத்தேன். 15, 30, 45, 60, 90 நிமிடங்களில் மாதிரி எடுத்து அளந்து, எந்த நேரத்துக்குப் பிறகு அளவு உயராமல் நிற்கிறது என்று பார்த்தேன். எனக்கு அது 60 நிமிடம். உங்கள் மாத்திரைக்கு வேறாக இருக்கும். இந்தச் சிறிய வரைபடம் ஆய்வேட்டில் ஒரு பக்கம்கூட ஆகாது, ஆனால் மற்ற எல்லா அட்டவணைகளும் இதன்மேல்தான் நிற்கின்றன. ஒலியலைகளால் கரைக்க உதவும் சோனிக்கேட்டரில் நீண்ட நேரம் வைத்தால் தண்ணீர் சூடாகும் என்பதால் பனிக்கட்டி போட்டுக்கொள்ளுங்கள். கிளிமிபிரைடு போன்ற சல்ஃபோனைல்யூரியாக்கள் மெத்தனாலில் சூடுபட்டால் அதனுடனேயே வினைபுரிந்து புதிய பீக்கைத் தரும். நான் ஸ்டாக் கரைசலை (நீர்த்துப் பயன்படுத்தும் செறிவான மூலக் கரைசலை) மெத்தனாலில் வைத்திருந்த நாட்களில் அந்தப் பீக்கை மாசு என்று நினைத்து ஏமாந்தேன்.

வடிகட்டியையும் சோதிக்காமல் விடாதீர்கள். ஒரே கரைசலில் ஒரு பகுதியை சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, இன்னொரு பகுதியை வடிகட்டி, இரண்டையும் ஒப்பிட்டால் வடிதாள் மருந்தை உறிஞ்சுகிறதா என்பது ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். முதலில் வரும் சில மி.லி.யைக் கொட்டிவிடும் வழக்கத்துக்குக் காரணம் இதுதான்.

500க்கு 1 என்ற சிக்கலுக்கு நான் கண்ட தீர்வு கௌரவமானதாக இல்லை, ஆனால் நேர்மையானது. ஒரே சாற்றிலிருந்து இரண்டு வயல்கள் (எந்திரத்தில் வைக்கும் சிறு குப்பிகள்): ஒன்று கிளிமிபிரைடுக்காக அப்படியே, மற்றொன்று மெட்ஃபார்மினுக்காக 50 மடங்கு நீர்த்தது. ‘ஒரே ஊசியில் இரண்டும்’ என்று தலைப்பில் எழுதிக் கொடுத்துவிட்டதால் என் வழிகாட்டிப் பேராசிரியர் முதலில் தயங்கினார். நீர்க்காத வயலின் மெட்ஃபார்மின் நேர்கோட்டு வரைபடத்தை (செறிவுக்கு எதிரே பீக்கின் அளவை வரைந்தது) காட்டினேன். அதன் தொடர்புக் கெழு 0.998 இருந்தும், கோட்டிலிருந்து விலகும் எச்சங்களை வரைந்தபோது அவை இரு ஓரங்களில் கீழாகவும் நடுவில் மேலாகவும் வளைந்து நின்றன. டிடெக்டர் மூச்சுத் திணறுவதை அந்த வளைவு காட்டியது. அதன் பிறகு அவர் ஒப்புக்கொண்டார். ஐந்து செறிவுகளும் ஒரு கெழுவும் எழுதினால் நேர்கோட்டுச் சோதனை முடிந்தது என்று கொள்ளாமல், இந்த எச்ச வரைபடத்தையும் இணையுங்கள்.

மற்றவற்றை பகுப்பாய்வு முறையைச் சரிபார்ப்பதற்கான ஐ.சி.எச்.சின் க்யூ2 ஆவணத்தைத் திறந்து வைத்துக்கொண்டு செய்துவிடலாம். 2023 நவம்பரில் அதன் ஆர்2 பதிப்பும், முறை உருவாக்கத்துக்கான க்யூ14உம் இறுதி செய்யப்பட்டுள்ளன. பழைய ஆய்வேடுகளைப் பார்த்து 2005இன் ஆர்1ஐ மேற்கோள் காட்டினால் வாய்மொழித் தேர்வில் மாட்டிக்கொள்வீர்கள். பி.எச்.சை 0.2 கூட்டிக் குறைத்துப் பார்ப்பது போன்ற உறுதித்தன்மைச் சோதனைகளைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாமல், முறையை உருவாக்கும்போதே செய்யுங்கள், நான் பி.எச். 6இல் பட்ட பாடு முதல் வாரத்திலேயே தெரிந்திருக்கும்.

வாய்மொழித் தேர்வில் வெளித் தேர்வாளர் என் குரோமட்டோகிராம்களை வேகமாகப் புரட்டிவிட்டு, “மாத்திரையிலிருந்து மருந்து முழுவதும் வெளியே வந்தது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டார். நான் குலுக்கிய நேரத்தின் வரைபடம் இருந்த பக்கத்தை எடுத்துக் காட்டினேன். பதினைந்து நிமிடங்கள் அந்த ஒரு பக்கத்தைப் பற்றியே பேசினோம்.