தண்ணீர் குடித்த நைட்ரோ எஞ்சின்

போன மாதம் மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோவையில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து மைதானத்தில் என்னுடைய நைட்ரோ பக்கியை, அதாவது மெத்தனால் கலந்த நைட்ரோ எரிபொருளில் ஓடும் ரிமோட் காரை, ஓட்டிக்கொண்டிருந்தேன். 3.5 சிசி எஞ்சின், கயிற்றை இழுத்துக் கிளப்பும் புல் ஸ்டார்ட் (pull start) வைத்தது. கணுக்கால் ஆழம்தான் இருக்கும் என்று நினைத்து ஒரு குட்டையில் விட்டேன், அது முழங்கால் ஆழம். கார் முங்கி, ஒரு குமிழி விட்டு, சத்தம் நின்றது.

வெளியே எடுத்ததும் நான் செய்த முதல் வேலையே தப்பு. கயிற்றைப் பிடித்து இழுத்தேன். பாதியில் கல்லில் இடித்தது போல் நின்றது. காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது வலுவாக இழுத்தால் பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கிற கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அது தெரிந்தும் கை சும்மா இருக்கவில்லை. நல்லவேளை, இரண்டாவது முறை இழுக்கவில்லை. எரிபொருளைப் பற்றவைக்கும் குளோ பிளக்கைக் கழற்றி, காரைத் தலைகீழாகப் பிடித்து, ஃப்ளைவீலை விரலால் சுற்றினேன். பிளக் ஓட்டை வழியாகச் சேற்றுத் தண்ணீர் பீச்சி அடித்து சட்டை முழுக்க ஆனது. அதோடு வேலை முடிந்தது என்று நினைத்து வீட்டுக்கு வந்து, மறுநாள் ஒரு கல்யாணம் என்பதால் காரை அப்படியே மொட்டை மாடிப் படிக்கட்டடியில் வைத்துவிட்டுப் போய்விட்டேன். அந்த இரண்டு நாள்தான் என்னைச் செலவில் விட்டது.

இது டூ ஸ்ட்ரோக் எஞ்சின். கார்புரேட்டர் வழியாக வருவது முதலில் பிஸ்டனுக்குக் கீழே இருக்கிற கிராங்க் கேஸுக்குள் போய், அப்புறம்தான் பிஸ்டனுக்கு மேலே ஏறும். அதனால் பிளக் ஓட்டை வழியாக வந்தது மேலே நின்ற தண்ணீர் மட்டும். கீழே, கிராங்கைச் சுற்றி, பேரிங் குண்டுகளுக்கு நடுவில் நின்றது அங்கேயே நின்றது. பின்னால் இருக்கிற நாலு ஸ்க்ரூவைக் கழற்றி பேக் பிளேட்டைத் திறந்து வடித்துவிட்டு, தண்ணீரை விரட்டும் டபிள்யூடி-40 ஸ்ப்ரே அடித்து, அதையும் வடித்து, துருப் பிடிக்காமல் இருக்க விடுகிற ஆஃப்டர் ரன் ஆயில் நாலு சொட்டு விட்டிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். பத்து நிமிட வேலை.

செவ்வாய்க்கிழமை மாலை பார்த்தபோது ஃப்ளைவீல் சுற்றியது, மேலே பிஸ்டன் வழக்கம்போல் இறுகிப் பிடித்தது (இந்த எஞ்சினில் அப்படித்தான் பிடிக்கும்), சரி, தப்பித்தோம் என்று புது பிளக் போட்டு, ஏர் ஃபில்டரைக் கழுவிக் காயவைத்து எண்ணெய் தடவி மாட்டி, டேங்கில் இருந்ததைக் கொட்டிவிட்டுப் புது எரிபொருள் ஊற்றி இழுத்தேன். பற்றியது. பத்து விநாடி ஓடி நின்றது. மறுபடி பற்றியது, நின்றது. நான் நீடிலை, அதாவது கார்புரேட்டரில் எரிபொருளைக் கூட்டிக் குறைக்கும் திருகை, திருக ஆரம்பித்தேன். ஹை ஸ்பீடு நீடில் கால் சுற்று, லோ ஸ்பீடு நீடில் அரைச் சுற்று, பிறகு எது எங்கே இருந்தது என்றே மறந்துவிட்டது. முங்குவதற்கு முன்னால் நன்றாக ஓடிய எஞ்சினில் நீடில் தானாக எப்படி மாறும்? அந்த யோசனை அப்போது வரவில்லை.

டேங்க் மூடியைத் திறந்தபோதுதான் துப்பு கிடைத்தது. புதிதாக ஊற்றிய எரிபொருள் கலங்கிப் போயிருந்தது. மெத்தனால் தண்ணீரோடு அப்படியே கலந்துவிடும், தனியாகப் பிரிந்து அடியில் நிற்காது. ஆனால் நான் வாங்குவதில் விளக்கெண்ணெயும் சேர்ந்திருக்கிறது, தண்ணீர் பட்டால் அது கரையாமல் மோர் மாதிரி வெளுக்கும். டேங்கைத் துடைத்துத்தானே ஊற்றினேன், மறுபடி தண்ணீர் எங்கிருந்து வந்தது? புகை போகும் பைப்பிலிருந்து. அதைக் கழற்றிக் குலுக்கியபோது உள்ளே சளக் சளக் என்றது. அந்தப் பைப்பிலிருந்து டேங்குக்கு ஒரு சின்ன சிலிக்கான் ட்யூப் போகிறது, புகையின் அழுத்தத்தால் எரிபொருளைத் தள்ளிவிட. எஞ்சின் பற்றிய ஒவ்வொரு தடவையும் அதே ட்யூப் வழியாகக் கொஞ்சம் தண்ணீரையும் நானே டேங்குக்கு அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறேன்! பைப், ட்யூப், டேங்க், எரிபொருள் ஃபில்டர் எல்லாவற்றையும் கழற்றிக் காயவைத்தேன்.

அதற்குப் பிறகு நிற்காமல் ஓடியது. ஆனால் கரகரவென்று ஒரு சத்தம், ஐடிலில், அதாவது த்ராட்டில் கொடுக்காமல், வைத்தால் மூச்சுத் திணறியது. பிளக்கைக் கழற்றி ஃப்ளைவீலை மெதுவாகச் சுற்றினால் விரலிலேயே அந்த நறநறப்பு தெரிந்தது. கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் அண்ணனிடம் கொண்டுபோனேன். காதருகே வைத்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "ஏந் தம்பி, உள்ள மணலப் போட்டு ஆட்டுனியா?" என்றார்.

பிரித்தோம். கழற்றும்போது ஒவ்வொன்றாகப் படம் எடுத்து வைத்தேன்: பிஸ்டன் ஏறி இறங்கும் ஸ்லீவில் இருக்கிற வெட்டு எந்தப் பக்கம், ராடில் எண்ணெய் ஓட்டை எந்தப் பக்கம் என்று. பிஸ்டனும் ஸ்லீவும் கீறல் இல்லாமல் இருந்தன. கிராங்கைத் தாங்குகிற இரண்டு பேரிங்கில் பின்பக்கத்து பேரிங்கில்தான் செம்மண் நிறத்தில் துரு. ஹீட் கன்னால் கிராங்க் கேஸைச் சுமார் 150 டிகிரி வரை சூடாக்கி, மரக்கட்டையில் ஒரு தட்டுத் தட்டியதும் பின் பேரிங் தானாக விழுந்தது. முன் பேரிங்கை உள்ளிருந்து மரக்குச்சியால் தள்ளி எடுத்தோம். (வீட்டு அடுப்பில் இதைச் செய்யாதீர்கள், மெத்தனாலும் பழைய எண்ணெயும் புகையும்.)

முன் பேரிங் 7x19x6 (உள் விட்டம், வெளி விட்டம், அகலம், மில்லிமீட்டரில்), அதாவது 607 என்ற எண்ணில் கிடைக்கும் சாதாரண பேரிங். காந்திபுரம் பக்கம் பேரிங் கடையில் கேட்டதுமே எடுத்துக் கொடுத்தார்கள். பின் பேரிங் 14x25.4x6. "25.4ஆ? சரியா அளந்தீங்களா?" என்று கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அது சரியாக ஓர் அங்குலம், அவர்களிடம் இருக்கிற எந்த எண்ணிலும் வராது. ஆர்சி (ரிமோட் கார்) பொருள் விற்பவரிடம் சொல்லி வைத்து ஒன்பது நாள் காத்திருந்தேன். வந்ததும் ஃப்ரீசரில் ஒரு மணி நேரம் வைத்து, கேஸைச் சூடாக்கி உள்ளே விட்டபோது விரலாலேயே போய் உட்கார்ந்தது.

மாட்டி முடித்து ஓட்டினால் வேறொரு வம்பு: த்ராட்டிலை விட்ட பிறகும் வேகம் இறங்காமல் ஊளையிட்டது. இந்தத் தடவை நீடிலைத் தொடவில்லை. கார்புரேட்டர் கழுத்தில் இருக்கிற ரப்பர் வளையத்தை, அதாவது ஓ-ரிங்கை, நான் சரியாக அமுக்காமல் விட்டிருந்தேன், அந்த இடுக்கில் காற்று இழுத்தது. கட்டைவிரலால் கார்புரேட்டரை அமுக்கிப் பிடித்துக்கொண்டு போல்ட்டை முறுக்கியதும் அடங்கியது. அப்புறம்தான் இரண்டு நீடிலையும் கம்பெனி கொடுத்திருந்த அளவுக்கே திருப்பி வைத்து, முதலிலிருந்து டியூன் செய்தேன். இப்போது ஓடும்போது எஞ்சின் ஹெட்டின் சூடு 108 டிகிரி செல்சியஸில் நிற்கிறது. ஐடிலில் எரிபொருள் ட்யூபை நசுக்கினால் வேகம் லேசாக ஏறி இரண்டு மூன்று விநாடியில் அணைகிறது, அப்படித்தான் வேண்டும்.

ரிமோட்டின் சிக்னலை வாங்கும் ரிசீவர் பெட்டிக்குள் தண்ணீர் போகவில்லை. சக்கரத்தைத் திருப்பும் குட்டி மோட்டாரான ஸ்டீயரிங் சர்வோ மட்டும் இடது பக்கம் திரும்பும்போது நடுங்குகிறது. உள்ளே சேறு இருக்குமோ என்னவோ, இந்த ஞாயிறு அதையும் திறந்துவிட வேண்டியதுதான்.